எல்லையோரக் காவல் நிலையத்தின் கடமை என்ன, அது தவறினால் யாரிடம் போவது?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தோப்பில் இருந்த பம்ப்செட் மோட்டாரும் செம்புக் கேபிளும் திருடு போயின. எங்கள் ஸ்டேஷனில் சொன்னபோது, தோப்பின் ஒரு பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது, பொள்ளாச்சிப் பக்கம் போய்ச் சொல் என்றார்கள். அங்கே போனால் திருப்பி இங்கேயே அனுப்பினார்கள். மறுபடியும் வந்து சற்று அழுத்திக் கேட்டதற்கு ஒரு போலீஸ்காரர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தார். மாலை வரை பெஞ்சில் உட்கார வைத்து, மலையாளத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. ஸ்டேஷனுடைய கடமை என்ன? அந்தப் போலீஸ்காரர் மீது யாரிடம் புகார் செய்வது? செய்தால் என்மேல் பொய்க் கேஸ் போடுவார்களா?"

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் கையில் இருப்பது ஒரு புகார் அல்ல, இரண்டு. மோட்டார் திருட்டு ஒன்று. நிலையத்தில் உங்களை நடத்திய விதம் மற்றொன்று. இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதினால், திருட்டைப் பதிவு செய்ய வேண்டியவர் அதைத் துறை விசாரணைக் கோப்பு என்று ஒதுக்கிவிடுவார். துறை விசாரணை செய்ய வேண்டியவர் திருட்டு வழக்கு நடக்கிறதே என்று சொல்லிக் காத்திருப்பார். ஆகவே இரண்டு தனி மனுக்களாக, தனித்தனித் தேதியும் கையெழுத்தும் இட்டு எழுதுங்கள்.

திருட்டைப் பொறுத்தவரை, எல்லையைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பியதற்கு இன்று சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் தகவலைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள், பதிவு செய்த பிறகு, உரிய நிலையத்துக்கு அனுப்பிவைப்பது காவல் துறையின் வேலை, உங்களுடைய வேலை அல்ல. வாய்மொழியாகச் சொன்னாலும் அவர்கள் எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். பதிவான தகவலின் நகலை இலவசமாகத் தர வேண்டும். மின்னஞ்சல் போன்ற வழியில் அனுப்பினால் 3 நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் பதிவு செய்வது கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே தீர்த்துவைத்துவிட்டது.

இங்கே பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. திருடு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல்முறைக் குற்றவாளி பொருளைத் திருப்பித் தந்துவிட்டால் சமூக சேவையே தண்டனை என்று புதிய தண்டனைச் சட்டம் வைத்திருக்கிறது. அந்த வகைத் திருட்டு, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாத வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. எனவே "மோட்டார் காணோம்" என்று மட்டும் எழுதாமல், மோட்டாரின் கம்பெனி, குதிரைத்திறன், வாங்கிய ஆண்டு, கேபிளின் நீளம், இரண்டின் இன்றைய மதிப்பு ஆகியவற்றை எழுதுங்கள். பில் இருந்தால் நகலை இணையுங்கள். நில வரி ரசீதின் நகலையும், மோட்டார் இருந்த இடத்தின் சர்வே எண்ணையும் சேர்த்தால், தோப்பு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

நிலையத்தின் பக்கம் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். 3 ஆண்டு அல்லது அதற்கு மேல், ஆனால் 7 ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களில், டிஒய்எஸ்பி (காவல் துணைக் கண்காணிப்பாளர்) அனுமதி பெற்று 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தி, முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு என்பதால் இதுவும் அந்த வரம்புக்குள் வரும். "விசாரித்துச் சொல்கிறோம்" என்று யாராவது சொன்னால், டிஒய்எஸ்பி அனுமதி பெறப்பட்டதா, எந்தத் தேதியில் என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாத விசாரணை வெறும் இழுத்தடிப்பு.

பதிவு செய்ய மறுத்தால், புகாரின் சாரத்தை எழுத்தில் மாவட்டப் போலீஸ் தலைவருக்கு, அதாவது எஸ்.பி.க்கு, தபாலில் அனுப்பலாம். பதிவுத் தபாலும் ஒப்புகை அட்டையும் இருக்கட்டும். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம், எஸ்.பி.க்கு எழுதியதன் நகலும் உறுதிமொழிப் பத்திரமும் அதனுடன் கேட்கப்படும் என்பதால்தான் தபால் ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்கிறேன். வழக்கு பதிவானபின், புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிப்பதும் அவர்களுடைய கடமை.

கேரளத்தைப் பொறுத்தவரை, 2011-ஆம் ஆண்டின் கேரள போலீஸ் சட்டம் இன்னும் சில உரிமைகளை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது: சட்டப்படியான சேவைக்காக யாரும் நிலையத்துக்குள் வரலாம், புகார் கொடுத்தவர் ரசீது பெறலாம், குறிப்பிட்ட ஒருவர் அங்கே காவலில் இருக்கிறாரா என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மொழி பற்றி நீங்கள் தயங்க வேண்டியதில்லை. குறைதீர்க்கும் மனுவை நாட்டிலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே தமிழில் எழுதுங்கள். எனினும், மலையாளப் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் வேலை வேகமாக நடக்கும் என்பது நடைமுறை உண்மை. உரிமையை நிலைநாட்டுவதைக் காட்டிலும் மோட்டார் திரும்பக் கிடைப்பது முக்கியம் என்றால் அப்படிச் செய்வதில் தவறில்லை.

சிறிய நிலையம் ஒன்றின் பகல் எப்படிப் போகிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. கோர்ட் டியூட்டி, சம்மன், வாரண்ட், பாஸ்போர்ட் விசாரணை, வாகனச் சோதனை, ஜனமைத்ரி பீட் (மக்கள் நட்புறவுக்கான ரோந்து) என்று ஆட்கள் சிதறிப்போவார்கள்; சித்தூரின் கொங்கன் படைத் திருவிழா போன்ற நாட்களில் நிலையத்தில் பேசுவதற்கே ஆள் கிடைப்பது அரிது. இதனால் உங்கள் வழக்கு தாமதமாவதைப் புரிந்துகொள்ளலாம். அறைவதை இதனால் புரிந்துகொள்ள முடியாது.

இனி இரண்டாவது புகார். அறை விழுந்தது இந்த வாரம் என்றால், மனு எழுதும் முன்பே தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எப்படிக் காயம்பட்டது என்று டாக்டர் கேட்கும்போது "விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிடாதீர்கள். நிலையத்தில் அடித்தார்கள் என்று நடந்ததைச் சொல்லி, அதை அப்படியே குறிக்கச் சொல்லுங்கள். கன்னத்தில் பலமாக அறைந்தால் செவிப்பறை கிழிவது உண்டு, ஆகவே காது பரிசோதனையும் வேண்டும் என்று கேளுங்கள். காயச் சான்றிதழ் இருக்கும் புகாருக்கும் இல்லாத புகாருக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது. ஒரு காதின் கேள்திறன் நிரந்தரமாகப் போனாலோ, எலும்பு முறிந்தாலோ, 15 நாட்கள் கடும் வலியில் இருந்தாலோ அது கொடுங்காயம் என்ற வகைக்குள் போய்விடும். அப்போது புகார் போகும் இடமே மாறும்.

அடுத்தது கேமரா. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியுடன் பதிவு செய்யும் கேமராக்கள் வேண்டும் என்றும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அது முடியாவிட்டால் எந்த நிலையிலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றும் உத்தரவிட்டது. நீங்கள் நிலையத்தில் இருந்த தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, அந்தப் பதிவை அழியாமல் பாதுகாக்கக் கோரி எஸ்.பி.க்கு உடனே ஒரு கடிதம் அனுப்புங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, அன்றைய கேமராப் பதிவு, நிலையத்தின் அன்றைய பொது நாட்குறிப்பில் உங்களைப் பற்றிய பதிவு, நீங்கள் கையெழுத்திட்ட தாளின் நகல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். பதில் தர 30 நாள். மறுத்தால் முதல் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம். இது வீண் அலைச்சல் என்று நினைக்க வேண்டாம். திருச்சூர் மாவட்டம் குன்னங்குளம் நிலையத்தில் 2023-இல் ஒருவர் தாக்கப்பட்ட காட்சி, தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே போராடிப் பெறப்பட்டு 2025 செப்டம்பரில் வெளிவந்தது. அதற்கு முன் துறையளவில் ஊதிய உயர்வை நிறுத்தியதோடு முடிந்திருந்த விஷயம், காட்சி வெளிவந்த சில நாட்களிலேயே பணியிடைநீக்கத்தில் போய் நின்றது.

கையெழுத்திட்ட அந்தத் தாள் என்ன என்பதை இப்படித்தான் தெரிந்துகொள்ள முடியும். "புகார் இல்லை, சமாதானமாகப் போகிறேன்" என்று அதில் இருக்கலாம். இருந்தால், படித்துக் காட்டாமல் வாங்கிய கையெழுத்து என்று உங்கள் மனுவில் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் கேட்டபோது சொன்ன பதிலாக அது இருக்கக் கூடாது. புலனாய்வின்போது சாட்சி சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

யாரிடம் போவது என்றால், துறைக்குள் இருக்கும் வழி முதலாவது. நிலையப் பொறுப்பாளருக்கு மேலே டிஒய்எஸ்பி, அவருக்கு மேலே எஸ்.பி., அதற்கு மேலே திருச்சூர் சரக டி.ஐ.ஜி. மனு எஸ்.பி.க்குப் போகட்டும், முதற்கட்ட விசாரணையை அவர் ஒரு டிஒய்எஸ்பியிடம் ஒப்படைப்பதே வழக்கம். கேரளப் போலீஸாருக்கான ஒழுங்கு நடவடிக்கை 1958-ஆம் ஆண்டின் துறை விசாரணை, தண்டனை, மேல்முறையீட்டு விதிகளின்படி நடக்கிறது. கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் முதல் பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் வரை தண்டனைகள் உண்டு. பெரிய தண்டனைக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் சாட்சிகளை விசாரிக்கும் வாய்மொழி விசாரணையும் வேண்டும். பணியிடைநீக்கமும், ஏ.ஆர். கேம்ப்புக்கு, அதாவது ஆயுதப்படை முகாமுக்கு, மாற்றுவதும் தண்டனை அல்ல. ஊரில் "சஸ்பெண்ட் ஆகிவிட்டார், முடிந்தது" என்று பேசிக்கொள்வார்கள். உண்மையில் அப்போதுதான் விசாரணை தொடங்குகிறது. என் கணிப்பில் பெரும்பாலான புகார்கள் நீர்த்துப்போவது அந்த வாய்மொழி விசாரணையில்தான். அதற்குள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து சமாதானம் பேசியிருப்பார், புகார்தாரர் போய்ச் சாட்சி சொல்லாமல் விட்டுவிடுவார், அல்லது போய் "ஞாபகமில்லை" என்பார். சாட்சி சொல்லும் மனம் இல்லையென்றால் புகாரைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

இரண்டாவது வழி, துறைக்கு வெளியே இருக்கும் போலீஸ் புகார் ஆணையம். போலீஸ் சீர்திருத்தம் பற்றிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஏழு உத்தரவுகளில் ஒன்று இது. கேரளச் சட்டத்தின் 110-ஆவது பிரிவின்படி மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர், கலெக்டரும் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். டிஒய்எஸ்பி வரையிலான அதிகாரிகள் மீதான புகார்கள் இங்கே. எஸ்.பி.க்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் எதிரானவை, யார் செய்திருந்தாலும் மரணம், கொடுங்காயம், பாலியல் வன்முறை போன்ற கடுமையானவை, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான மாநில ஆணையத்துக்குப் போகும். உங்கள் புகார், காதுப் பரிசோதனை வேறு எதையும் காட்டாதவரை, மாவட்ட ஆணையத்துக்கு உரியது. எஸ்.பி.யே உறுப்பினராக இருப்பது எனக்கு உவப்பானதல்ல. ஆனால் தலைவர் நீதித்துறையில் இருந்தவர் என்பதால் எழுத்துச் சான்றுக்கு அங்கே மதிப்பு உண்டு. ஆணையம் நேரடியாகத் தண்டிக்காது, துறை நடவடிக்கைக்கும் வழக்குப் பதிவுக்கும் பரிந்துரை செய்யும். சோதனைச் சாவடியில் நிற்கும் எக்சைஸ், மோட்டார் வாகனத் துறை ஊழியர்கள் மீது இங்கே புகார் செய்ய முடியாது.

எல்லைக்கு அப்பால் உங்களைத் திருப்பி அனுப்பிய நிலையத்தின் மீதும் புகார் செய்ய நினைத்தால், அது வேறு மாநிலம், வேறு சட்டம். தமிழ்நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரும் மாவட்டத்தில் கலெக்டரும் தலைவர்கள். நீதிபதி தலைமை அங்கே இல்லை. கோவை எஸ்.பி.க்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு, சக்தியைக் கேரளப் பக்கம் செலவிடுங்கள் என்பதே என் யோசனை.

மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுப்பது இன்னொரு வழி. அரசு ஊழியர் மீதான புகார் என்பதால் மேலதிகாரியின் அறிக்கையும் அவருடைய தரப்பும் கேட்கப்படும், ஆகவே அது மெதுவாக நகரும், வழக்கறிஞர் இல்லாமல் போக வேண்டாம்.

பொய் வழக்கு பற்றிய அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். பணியைத் தடுத்தார் என்ற பிரிவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் நேரமும் தேதியும் உள்ள ஆஸ்பத்திரிப் பதிவும் எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீதும் முன்னால் இருந்தால், அதற்குப் பின் தேதியிட்டு வரும் வழக்கு பழிவாங்கல் என்று நீதிமன்றத்தில் எளிதாகவே அடையாளம் காணப்படும். இனி நிலையத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். வார்டு மெம்பரையோ விவரம் தெரிந்த ஒருவரையோ அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் 60 வயதைக் கடந்தவர் என்றால், சாட்சியாக விசாரிக்க உங்களை வீட்டை விட்டு வரச் சொல்லவே முடியாது, அவர்கள்தான் வர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவராக நோட்டீஸ் வந்தால் மட்டும் ஒதுங்கிவிடாதீர்கள். குறித்த நாளில் ஆஜராகி, அதற்கு முன்பே முன்ஜாமீன் பற்றி வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் கொடுக்க வசதி இல்லாதவர்களுக்குத் தாலுகா சட்டப் பணிகள் குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். வருமானச் சான்றிதழை வில்லேஜ் ஆபீஸில் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.