மூடி வைத்த லேப்டாப் பைக்குள் ஏன் சுடுகிறது?

கேள்வி: புதிதாக விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கினேன். மாலையில் 80 சதவீத சார்ஜோடு மூடிப் பையில் வைத்தால், வீடு போய்ச் சேர்வதற்குள் பை சுடுகிறது. காலையில் 30 சதவீதம்தான் மிச்சம். வயர்லெஸ் மவுஸின் ரிசீவர் எப்போதும் செருகியே இருக்கும். பத்து வருடப் பழைய லேப்டாப்பையும் இப்படித்தான் வைத்திருந்தேன், அதில் இந்தத் தொல்லை இல்லை. பேட்டரி பழுதா?

பதில்: பேட்டரியைப் பிறகு பார்ப்போம். முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ரிசீவரை.

உங்கள் பழைய லேப்டாப்பின் தூக்கத்துக்கு எஸ்3 என்று பெயர். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-இல் வெளியிட்ட, கணினி மின்சாரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் ஏசிபிஐ விதிமுறையில் உள்ளது அது. மூடியதும் இயங்குதளம் ஒவ்வொரு டிரைவரிடமும் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) அதன் சாதனத்தை அடக்கச் சொல்லும். அப்புறம் ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் விட்டுவிட்டு, ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கரன்ட் போய்விடும்.

புது லேப்டாப்களில் பெரும்பாலும் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற வேறு வகைத் தூக்கம்தான். போனைப் போல நொடியில் விழிக்க வேண்டும், மூடியிருக்கும்போதே மெயில் வர வேண்டும் என்று செய்தார்கள். (மூடிய லேப்டாப்பில் மெயில் வந்து யாருக்கு என்ன லாபம் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.) இதில் திரை அணைந்தாலும் கணினி எஸ்0-விலேயே, அதாவது 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்ற கணக்கிலேயே இருக்கும். மெயின் ஸ்விட்ச் என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு சாதனமும் டி0 என்ற முழு விழிப்பிலிருந்து டி3 என்ற தூக்கத்துக்குத் தனித்தனியாக இறங்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். சாதனங்கள் கூட்டுக்குடும்பம் மாதிரி. பிள்ளைகள் தூங்காமல் தாய் தூங்க முடியாது. உங்கள் ரிசீவர் தூங்காவிட்டால் அது செருகியிருக்கும் யுஎஸ்பி கன்ட்ரோலரும் விழித்தே இருக்கும். கன்ட்ரோலர் விழித்திருந்தால் பிராசஸரால் அதன் மிக ஆழ்ந்த நிலைக்குப் போக முடியாது. கைவிரல் நகம் அளவு பொருள், மொத்த வீட்டையும் விழிக்க வைக்கும். என்னிடம் வந்த ஒரு லேப்டாப்பில் இதே வேலையைச் செய்தது, கார்டே செருகாத எஸ்டி கார்டு ரீடர்.

யார் தூங்கவில்லை என்று விண்டோஸே சொல்லும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு ஸ்லாஷ் போட்டு 'ஸ்லீப்ஸ்டடி' சேர்த்து (powercfg /sleepstudy) இயக்குங்கள். ஒரு ரிப்போர்ட் ஃபைல் உருவாகும், பிரவுசரில் திறக்கலாம். ராத்திரி நேரத்துக்கான வரிசையைச் சொடுக்கினால், ஆழ்ந்த நிலையில் எத்தனை சதவீத நேரம் இருந்தது என்றும், விழித்திருந்தவர்களின் பட்டியலும் வரும். யுஎஸ்பி கன்ட்ரோலர் மேலே இருந்தால் ரிசீவரைக் கழற்றுங்கள். வைஃபை, ஆடியோ, கார்டு ரீடர் என்று வந்தால், லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதன் டிரைவரையும், கணினியைத் தொடக்கி வைக்கும் உள்மென்பொருளான பயாஸையும் புதுப்பியுங்கள். டிவைஸ் மேனேஜரில் சாதனத்தின் பிராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பக்கம் இருந்தால், மின்சாரம் சேமிக்க அணைக்கலாம் என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா பாருங்கள். மாடர்ன் ஸ்டாண்ட்பை கணினிகளில் பல நேரம் அந்தப் பக்கமே இருக்காது, தேடிக் களைக்க வேண்டாம்.

விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றினால் பழைய எஸ்3 திரும்பிவிடும் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். லேப்டாப்பின் பயாஸில் எஸ்3 இல்லையென்றால் அது வராது, இருக்கிற தூக்கமும் போய்விடும்.

பஸ்ஸில் போகும்போது பை சுடக் கூடாது, அவ்வளவுதான் வேண்டும் என்றால் வழி சுலபம். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், மூடியை மூடினால் ஹைபர்னேட் என்று வையுங்கள். அந்தப் பெயர் பட்டியலில் இல்லையென்றால் பவர்சிஎஃப்ஜி, ஸ்லாஷ் 'எச்', 'ஆன்' (powercfg /h on) என்ற கட்டளை அதைக் கொண்டுவரும். ரேமில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டுக் கணினி உண்மையாகவே அணையும். திறக்கும்போது சில நொடிகள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

இன்று ராத்திரி ரிசீவரைக் கழற்றிவிட்டு மூடி வையுங்கள். அப்போதும் 50 சதவீதம் காணாமல் போனால், அந்த ரிப்போர்ட்டோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்; 'பேட்டரி நிற்கவில்லை' என்று மட்டும் சொன்னால் பேட்டரியைத்தான் மாற்றுவார்கள்.