ஸ்விட்ச் போர்ட்டை ஏபிஐ வழியாக மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: சார், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை அடிக்க உதவும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக ஸ்விட்ச்சுக்குள் நுழைந்து கட்டளை அடிக்கிற பைத்தான் ஸ்கிரிப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது. அதை விட்டுவிட்டு ஏபிஐக்கு (ஒரு நிரல் இன்னொன்றோடு நேரடியாகப் பேசும் வழிக்கு) ஏன் மாற வேண்டும்?

பதில்: அது மனிதன் படிப்பதற்காக வரும் எழுத்தைப் படித்து ஓடுகிறது, அதுதான் சிக்கல். ஸ்விட்ச்சின் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் மாறி ஒரு நெடுவரிசை இடம் நகர்ந்தாலே போதும், தவறான மதிப்பை எடுத்துக்கொண்டு வேலை முடிந்ததாகச் சொல்லிவிடும். ஸ்விட்ச் அமைப்பை மாற்றும் ஏபிஐகளான ரெஸ்ட்கான்ஃப் (யூஆர்எல் வழியாகப் பேசுவது), நெட்கான்ஃப் இரண்டிலும் எந்த மதிப்பு எங்கே இருக்கும் என்பதை யாங் மாடல் என்ற வரைபடம் முன்பே வரையறுத்துவிடுகிறது. விலான் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) எண் 5000 என்று அனுப்பிப் பாருங்கள், 4094-ஐத் தாண்டுகிறது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

கேள்வி: அண்ணா, ரெஸ்ட்கான்ஃபில் 1/0/5 போர்ட்டைக் கேட்டால் 404 (கிடைக்கவில்லை) வருகிறது. போர்ட் கண் முன்னே இருக்கிறது!

பதில்: பெயரில் உள்ள சாய்கோடுதான் காரணம். யூஆர்எல்லில் அது அடுத்த பாதையாகிவிடுகிறது. பெயரை மட்டும் தனியாக என்கோட் செய்யுங்கள், சாய்கோடு %2F ஆகிவிடும். பைத்தானில் குவோட் (quote) ஃபங்ஷனைக் கூப்பிடும்போது சேஃப் (safe) என்ற மதிப்பை வெறுமையாகக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அது சாய்கோட்டைத் தொடாமல் விட்டுவிடும்.

கேள்வி: பல விலான்களைச் சுமக்கும் ட்ரங்க் போர்ட்டில் விலான் 30-ஐச் சேர்க்க புட் அனுப்பினேன். 204 (வெற்றி) வந்தது, ஆனால் மற்ற விலான்கள் எல்லாம் போய்விட்டன. என்ன தவறு?

பதில்: புட் என்றால் சேர்ப்பதல்ல, இருப்பதை எடுத்துவிட்டு நீங்கள் அனுப்பியதை அந்த இடத்தில் வைப்பது. ஸ்விட்ச் நீங்கள் சொன்னதைத்தான் செய்தது, 204 பொய்யில்லை. நானும் ஒரு முறை ஸ்விட்ச்சை மற்ற நெட்வொர்க்கோடு இணைக்கும் அப்லிங்க் போர்ட்டில் இதையே செய்தேன், ஸ்விட்ச்சுக்குள் நுழைய உதவும் மேனேஜ்மென்ட் விலானும் சேர்ந்து போய், கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். சரி, பேட்ச் (இருப்பதோடு இணைப்பது) அனுப்பினால் தப்பிக்கலாமா? பாதிதான். விலான்களை ஒவ்வொன்றாக அடுக்கும் மாடலில் பேட்ச் 30-ஐ மற்றவற்றோடு சேர்த்துவிடும். ஆனால் சில மாடல்களில் "10,20" என்று முழுப் பட்டியலும் ஒரே சரமாக இருக்கும், அங்கே பேட்ச் அனுப்பினாலும் பழையது அழிந்து 30 மட்டும்தான் மிஞ்சும். அதனால் முதலில் கெட் (இருப்பதைப் படிப்பது), பதிலாக வந்த ஜேசன் தரவைக் கண்ணால் பாருங்கள், அப்புறம் பேட்ச், முடிந்ததும் மறுபடி கெட். 48 போர்ட் மாற்ற வேண்டுமா? யாரும் பயன்படுத்தாத ஒரு போர்ட்டில் இந்தச் சுற்று முழுவதையும் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

கேள்வி: அப்லிங்கையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்?

பதில்: நெட்கான்ஃபுக்கு வாருங்கள், டிசிபி போர்ட் 830. கன்ஃபர்ம்டு கமிட் (உறுதி வரும்வரை மாற்றத்தைத் தற்காலிகமாக ஏற்றும் வசதி) இருக்கிறதா என்று முதலில் வரும் ஹலோ செய்தியிலேயே தெரியும். இருந்தால் மாற்றத்தை கேண்டிடேட்டில் (வரைவு நகலில்) எழுதி, கன்ஃபர்ம்டு கமிட் செய்து, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்யுங்கள். உறுதி வராவிட்டால் ஸ்விட்ச் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும். இயல்பான காலக்கெடு 600 நொடி, நான் 120 வைப்பேன், பத்து நிமிடம் எல்லோரும் துண்டிக்கப்பட்டுக் கிடக்க வேண்டாமே.

கேள்வி: எல்லாம் சரியாக ஏறியது, ஆனால் ரீபூட் ஆனதும் காணோம்.

பதில்: ரன்னிங்கில் (இப்போது ஓடும் அமைப்பில்) மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஸ்டார்ட்அப் (ரீபூட்டில் படிக்கப்படும் அமைப்பு) தனியாக உள்ள ஸ்விட்ச் என்றால் அதற்கும் நகலெடுக்க வேண்டும். அதை ஸ்கிரிப்ட்டின் கடைசி அடியாக வையுங்கள், மறுபடி கெட் செய்து பார்த்த பிறகு மட்டும்.