பெர்லின் சுவரொட்டி

கேள்வி: “மன்னர் ஒரு சண்டையில் தோற்றுவிட்டார், இப்போது அமைதி காப்பதே குடிமக்களின் முதல் கடமை” என்று 1806இல் பெர்லின் மக்களுக்கு அறிவித்தவர் யார்? அவரைக் கோழை என்பது சரிதானா?

பதில்: அவர் பெர்லின் ஆளுநராக இருந்த ஃபிரெடரிக் வில்ஹெல்ம் ஃபான் டெர் ஷூலன்பர்க்-கேனர்ட். 1742இல் பிறந்து, இளமையில், பெர்லினைத் தலைநகராகக் கொண்ட ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் குதிரைப்படையில் அதிகாரியாகப் பணியாற்றிய அவர், பின்னர் நிர்வாகத்துக்கு வந்து, முப்பது வயது நிறையும் முன்பே, 1771இல், மாமன்னர் ஃபிரெடரிக்கின் அமைச்சரானார். கடல் வணிகத்துக்கென மன்னர் நிறுவிய ஸீஹாண்ட்லுங் என்ற அரசு நிறுவனத்தை அதன் தலைவர் கோர்ன் முறைகேடுகளால் சீரழித்து 1782இல் சிறை சென்றபோது, அதைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு ஷூலன்பர்க்கிடம்தான் வந்தது. கணக்கும் ஒழுங்கும் அறிந்த இத்தகைய நிர்வாகியை ஒரே ஒரு சுவரொட்டியை வைத்து எடைபோடுவது நியாயமாகாது.

அக்டோபர் 14 அன்று யேனாவிலும் ஔயர்ஷ்டெட்டிலும் பிரஷ்யப் படை நெப்போலியனின் பிரெஞ்சுப் படைகளிடம் சிதறியது. 17ஆம் தேதி ஒட்டப்பட்ட அந்தச் சில வரி அறிவிப்பு, அப்போதைய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்ஹெல்மும் அவருடைய சகோதரர்களும் உயிருடன் இருக்கிறார்கள் என்ற செய்தியோடு முடிகிறது. நகரில் கலவரம் மூளாமல் தடுக்க ஆளுநர் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? ஆனால், ஆயுதக் கிடங்கில் குவிந்திருந்த துப்பாக்கிகளை அப்புறப்படுத்தாமலேயே அவர் நகரை விட்டு வெளியேறியதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. அவை அப்படியே பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயின. அவர்மீது வைக்க வேண்டிய உண்மையான குற்றச்சாட்டு இதுதான்.

நகரப் பொறுப்பை ஏற்ற அவருடைய மருமகன் இளவரசர் ஹாட்ஸ்ஃபெல்ட், பிரெஞ்சுப் படையின் நிலவரத்தைப் பிரஷ்யத் தரப்புக்குக் கடிதத்தில் எழுதியனுப்பிப் பிடிபட்டார். மரண தண்டனை உறுதி என்றிருந்த வேளையில், நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த அவருடைய மனைவி, அதாவது ஷூலன்பர்க்கின் மகள், நெப்போலியனிடம் மன்றாடினார். கடிதத்தை அவரிடமே நீட்டி, நெருப்பிலிடச் சொன்னார் நெப்போலியன். சான்று எரிந்ததால் கணவர் உயிர் பிழைத்தார்.

பிரான்சும் பிரஷ்யாவும் செய்துகொண்ட 1807 உடன்படிக்கைக்குப் பிறகு எல்பே ஆற்றுக்கு மேற்கிலிருந்த அவருடைய கேனர்ட் பண்ணை, நெப்போலியனின் தம்பி ஜெரோம் ஆண்ட வெஸ்ட்ஃபேலியாவுக்குள் வந்துவிடவே, ஷூலன்பர்க் அந்த அரசிலும் பதவி ஏற்றார். பிரஷ்யர்கள் பலரும் மன்னிக்காதது இதைத்தான். அவர் 1815 ஏப்ரலில் கேனர்ட்டில் காலமானார்.