வாசகர் கேள்வி – பதில்: கடையிலிருந்து போகும் குறுஞ்செய்தி

கேள்வி: டர்பனில் நானும் என் கணவரும் சேலைக்கடை நடத்துகிறோம். பில் போடும்போது வாங்கிய கைப்பேசி எண்கள் நிறைய இருக்கின்றன. உறவினர் ஒருவர் தம் நகைக்கடை வாடிக்கையாளர் பட்டியலையும் தருவதாகச் சொல்கிறார். தீபாவளித் தள்ளுபடியை எல்லோருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பலாமா?
– வாசகி, டர்பன்

பதில்: உங்கள் பட்டியலுக்கு அனுப்பலாம், சில நிபந்தனைகளுடன். உறவினரின் பட்டியலை வாங்கவே வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவில் 'போபியா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஓராண்டு அவகாசம் முடிந்து 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு, பெறுகிறவரின் முன் சம்மதம் வேண்டும் என்பதே அதன் 69ஆம் பிரிவின் அடிப்படை. ஏற்கெனவே உங்களிடம் பொருள் வாங்கியவருக்கு மட்டும் அது ஒரு சலுகை தருகிறது. விற்பனையின்போது நீங்களே பெற்ற எண்ணாக இருக்க வேண்டும். உங்கள் கடையின் அதே வகைப் பொருளைப் பற்றியதாகச் செய்தி இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டபோதும், பிறகு ஒவ்வொரு செய்தியிலும், "வேண்டாம்" என்று சொல்லும் வாய்ப்பைச் செலவில்லாமல் அவருக்குத் தந்திருக்க வேண்டும். பில் போடும்போது எண் எதற்கு என்று சொல்லாமலே வாங்கியிருந்தால் இந்தச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது. முதலில் சம்மதம்தான் கேட்க வேண்டும். சம்மதம் கேட்பதற்கும் ஒரே ஒரு முறைதான் அணுகலாம். மறுத்தவரை மீண்டும் அணுகக் கூடாது.

நகைக்கடையில் எண் கொடுத்தவர் அதை உங்களுக்குக் கொடுக்கவில்லை. உறவு என்பதால் அந்தச் சம்மதம் கைமாறிவிடாது. தகவல் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு கோடி ராண்ட் வரை அபராதம் விதிக்கலாம் என்பதைவிட, முன்பின் தெரியாத கடையிலிருந்து செய்தி வந்தால் "என் எண் இவர்களுக்கு எப்படிப் போனது?" என்று அந்த வாடிக்கையாளர் கேட்பாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தக் கேள்விக்கு உங்கள் உறவினரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"உங்கள் ரவிக்கை தைத்துத் தயாராக உள்ளது" என்பது விளம்பரம் அன்று; வாடிக்கையாளர் எதிர்பார்த்திருக்கும் தகவல். அதன் வாலில் "பட்டுச் சேலைகளுக்கு 20 சதவீதம் தள்ளுபடி" என்று ஒட்டினால் முழுச் செய்தியும் விளம்பரமாகிவிடும். இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி: எந்த நேரத்தில் அனுப்பலாம்? நிறுத்தச் சொன்னால் என்ன செய்வது?
– வாசகர், ஜோகன்னஸ்பர்க்

பதில்: 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், வீட்டிலிருக்கும் நுகர்வோரை விளம்பரத்துக்காக அணுகக் கூடாத நேரங்களை வரையறுக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாளும் முழுவதுமாகவே அணுகக் கூடாது. சனிக்கிழமை காலை 9 மணிக்கு முன்னும் பகல் 1 மணிக்குப் பின்னும், மற்ற நாள்களில் இரவு 8 முதல் மறுநாள் காலை 8 வரையும் கூடாது. அவரே வேறு நேரத்துக்கு வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தால் அது வேறு. தீபாவளி ஞாயிறன்று வருகிற ஆண்டில் தள்ளுபடிச் செய்தியை வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடுவது நல்லது.

செய்தியின் தொடக்கத்திலேயே கடையின் பெயர் இருக்கட்டும். அனுப்புகிறவர் யார் என்பதையும், நிறுத்தச் சொல்ல எங்கே தொடர்புகொள்வது என்பதையும் தெரிவிப்பது சட்டப்படியே கட்டாயம். "ஸ்டாப்" என்று பதில் வந்ததும் அந்த எண்ணை அழித்துவிடாமல், அனுப்பக் கூடாதவர்களின் தனிப்பட்டியலில் சேருங்கள். வெறுமனே அழித்தால், பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து யாராவது அதை மறுபடி ஏற்றிவிடுவார்கள். மொத்தக் குறுஞ்செய்திச் சேவையை எடுக்கும்போது, அந்த நிறுவனம் வாஸ்பா என்னும் சேவையாளர் சங்கத்தின் உறுப்பினரா என்று கேளுங்கள். உறுப்பினர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. பொதுமக்கள் அங்கே புகாரும் செய்யலாம்.

கேள்வி: தமிழில் வாழ்த்து அனுப்பினால் கட்டணம் இரட்டிப்பாகிறது. ஏன்?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள். தமிழ் எழுத்தைப் போல, யூனிகோடு என்னும் பன்மொழிக் குறியீட்டு முறையில் மட்டுமே எழுத முடிகிற ஓர் எழுத்து நுழைந்தாலும் அளவு 70 ஆகச் சுருங்கிவிடும். தமிழில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், நான்கெழுத்துத் 'தீபாவளி' ஏழு இடம் பிடிக்கிறது. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகிறது. துண்டுக்கு 67 இடமே கிடைக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். இது தமிழுக்கு மட்டும் நேர்வதன்று. வெண்டா மொழியின் கீழ்க்குறியிட்ட எழுத்துகளுக்கும், மேலே இரு புள்ளி வைத்த 'ë' என்னும் எழுத்து வரும் ஆஃப்ரிகான்ஸ் சொற்களுக்கும் இதே கதிதான்.

அதற்காகத் தமிழைக் கைவிட வேண்டியதில்லை. வாழ்த்தை ஒரே வரியில் முடித்து, தமிழ் படிக்கத் தெரிந்தவர்களை மட்டும் தனிப்பட்டியலாகப் பிரித்து அனுப்புங்கள். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி ஆங்கிலமாகிவிட்டதால், யாருக்கு எந்த மொழி வேண்டும் என்பதை எண் வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.