கரண்ட் போனால் டிக்கெட் காசும் போய்விடுமா?

கேள்வி: சேலத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு 6 பேர் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தீம் பார்க்குக்குப் போனோம். ஆன்லைனில் எடுத்த டிக்கெட், மொத்தம் 7,200 ரூபாய். உள்ளே போன ஒரு மணி நேரத்தில் கரண்ட் போய்விட்டது. என் மகளும் மாமியாரும் ராட்டினத்தின் உச்சியில் 40 நிமிடம் மாட்டிக்கொண்டார்கள். அதற்கப்புறம் சாயங்காலம் வரை இரண்டு மூன்று ரைடுதான் ஓடியது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் டிக்கெட்டில் உள்ள நிபந்தனையைக் காட்டுகிறார்கள், மின்வாரியத்தைப் போய்க் கேளுங்கள் என்கிறார்கள். இன்னொரு நாள் வருவதற்கு இலவச பாஸ் கொடுத்தார்கள். யார் மேல் வழக்குப் போடுவது?

பதில்: பூங்கா மேல்தான். மின்வாரியத்திடம் இணைப்பு வாங்கியிருப்பது பூங்கா, நீங்கள் இல்லை. நீங்கள் காசு கொடுத்தது பூங்காவுக்கு. வாரியத்தோடு அவர்களுக்கு ஏதாவது வழக்கு இருந்தால் அதை அவர்கள் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் வழக்கில் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு விஷயம், அன்றைக்கு மின்தடை வரப்போவது பூங்காவுக்கு முன்கூட்டியே தெரியுமா என்பது. பராமரிப்புப் பணிக்காக ஒரு துணைமின் நிலையத்தை நிறுத்தினால் வாரியம் முன்னதாகவே அறிவிப்பு கொடுக்கும், பேப்பரிலும் வரும், பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை என்று போட்டிருப்பார்கள். நீங்கள் போன நாள் அப்படிப்பட்ட நாளாக இருந்து, அது தெரிந்தும் முழு விலைக்கு டிக்கெட் விற்றிருந்தால் கதையே வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11), நுகர்வோருக்குச் சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது.

அதனால் பூங்காவுக்கு நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால், அந்தப் பகுதி மின்வாரியச் செயற்பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். அந்தத் தேதியில் பூங்காவுக்கு மின்சாரம் வரும் ஃபீடரில் (மின்பாதையில்) எத்தனை மணிக்கு மின்சாரம் நின்றது, எத்தனை மணிக்கு வந்தது, முன்னறிவிப்பு கொடுக்கப்பட்டதா என்று மட்டும் கேளுங்கள், காரணம் விளக்கம் எல்லாம் கேட்டுக் குழப்ப வேண்டாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வெளியில் மின்தடையே இல்லை, பூங்காவுக்குள் இருந்த டிரான்ஸ்ஃபார்மரோ கேபிளோதான் போனது என்று பதில் வந்தால் உங்களுக்கு இன்னும் நல்லது, வாரியத்தைக் கைகாட்டிய அவர்களுடைய வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

சரி, முன்னறிவிப்பே இல்லாத திடீர் மின்தடை என்று வைத்துக்கொள்வோம். அது அவர்கள் கட்டுப்பாட்டில் இல்லாத காரணம்தான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதற்காக உங்கள் காசு அவர்களுடையதாகிவிடாது. ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாமல் போய்விட்டால் வாங்கிய பலனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆவது பிரிவு. ஓடிய ரைடுகளுக்காகக் கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறோம் என்று அவர்கள் வாதாடலாம், வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையமும் அதை ஏற்கலாம், அதற்குத் தயாராக இருங்கள்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் பொடி எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஹோட்டலில் நிறுத்திய கார் திருடு போன தாஜ்மகால் ஹோட்டல் வழக்கில், 'உரிமையாளர் பொறுப்பு' என்று சீட்டில் அச்சடித்துவிட்டுத் தன் அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து ஹோட்டல் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. ஒன்று மட்டும் கவனம்: நியாயமற்ற ஒப்பந்தம் என்று தனியாக வழக்குப் போட்டால் அது மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிய வழக்காகிவிடும். மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்றே எழுதுங்கள்.

பணத்தை விட என்னை உறுத்துவது அந்த 40 நிமிடம். கரண்ட் இல்லாமல் ரைடு ஓட்டவில்லை என்றால் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. மேலே இருக்கும் குழந்தையையும் வயதானவரையும் இறக்குவதற்கு ஜெனரேட்டரோ, கையால் சுற்றி இறக்கும் ஏற்பாடோ, அதற்குப் பழகிய ஆளோ இல்லை என்றால் அது அப்பட்டமான அலட்சியம், நம் ஊரில் கரண்ட் போகும் என்று யாருக்குத்தான் தெரியாது? 2025 மே மாதம் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்காவில் ரைடு பழுதாகி 30 பேருக்கு மேல் அந்தரத்தில் தவித்து, தீயணைப்புத் துறை வந்துதான் இறக்கியது. இயந்திரத்தைக் கவனக்குறைவாகக் கையாள்வது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 289ஆவது பிரிவில் குற்றம். அந்த எல்லைக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். வழக்குப் பதியாவிட்டாலும் அந்த ரசீது ஆணையத்தில் உதவும். மாமியார் அன்றைக்கோ மறுநாளோ டாக்டரிடம் போயிருந்தால் அந்தச் சீட்டும் வேண்டும்.

வழக்குக்காகச் சென்னைப் பக்கம் அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் சேலம் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 அதை அனுமதிக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. டிக்கெட் தொகை, சேலத்திலிருந்து வந்துபோன செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். லட்சக்கணக்கில் கேட்டால் நியாயமான கோரிக்கையும் எடுபடாமல் போகும்.

அந்த இலவச பாஸைப் பயன்படுத்தாதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். அன்றைக்கு ரைடுகள் ஓடவில்லை என்பதற்கு அவர்களே கொடுத்த சாட்சி அது. பாஸ் வாங்கும்போது 'முழுத் திருப்தி' என்று எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள், வாங்கியிருந்தால் நோட்டீஸின் வாசகத்தை மாற்ற வேண்டியிருக்கும்.