மடிக்கணினியின் ஹெட்ஃபோன் ஒலியை டிஏசி கருவி உண்மையிலேயே மேம்படுத்துமா?

மடிக்கணினியில் ஹெட்ஃபோனைச் செருகிப் பாட்டுக் கேட்கும்போது பின்னணியில் மெல்லிய இரைச்சல் வருவதாகவும், முந்நூறு ரிங்கிட் செலவில் வெளியே பொருத்தும் டிஏசி (கணினியில் எண்களாக உள்ள இசையை ஹெட்ஃபோனுக்கான மின்னழுத்தமாக மாற்றும் கருவி) ஒன்றை வாங்கினால் அது சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரைச்சல்தான் குறை என்றால் பெரும்பாலும் சரியாகும். அதற்கு அவ்வளவு பணம்கூடத் தேவைப்படாது. ஆனால், குறை எங்கே இருக்கிறது என்பதை வாங்குவதற்கு முன்பே வீட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். இதே குறையோடு ஏறக்குறைய ஓராண்டு காலம் அல்லல்பட்டவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸில் வசிக்கிறேன். அப்பா சேர்த்து வைத்திருந்த கர்நாடக இசைக் குறுந்தட்டுகளை மடிக்கணினிக்கு மாற்றி, வீட்டார் உறங்கிய பிறகு ஹெட்ஃபோனில் கேட்பது என் வழக்கம். ஆலாபனையின் நடுவே பாடகர் மூச்சு வாங்கும் ஓரிரு விநாடிகளில் தம்புராவின் சுருதி மட்டும் தனித்து நிற்கும். அந்த இடத்தில் எனக்குத் தம்புரா கேட்காது. 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும், மௌஸை நகர்த்தினால் அதனோடு சேர்ந்து கீச்சிடும் ஓர் ஓசையும்தான் கேட்கும். ஹெட்ஃபோன்தான் பழுது என்று எண்ணி இரண்டு முறை புதிது வாங்கினேன். பிறகு ஒரு நாள் அதே ஹெட்ஃபோனைத் தங்கையின் பழைய கைப்பேசியில் செருகி அதே பாட்டைக் கேட்டபோது, தம்புரா தெளிவாக இழைந்து வந்தது. குறை மடிக்கணினியில் இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

காரணம் இதுதான். குறுந்தட்டில் உள்ள இசை, விநாடிக்கு 44,100 முறை அளந்து எழுதப்பட்ட எண்களின் வரிசை. அந்த எண்களை மின்னழுத்தமாக மாற்றினால்தான் ஹெட்ஃபோன் அதிரும். மாற்றும் வேலையைச் செய்யும் சில்லுக்குத்தான் டிஏசி என்று பெயர். ஒவ்வொரு மடிக்கணினிக்குள்ளும் அது ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் செயலி, வைஃபை, காற்றாடி, மின்சாரத்தைச் சீர்செய்யும் பாகங்கள் ஆகியவற்றோடு ஒரே பலகையில் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால், அவற்றின் மின் சலனம் மெல்லிய ஒலிச் சமிக்ஞையோடு கலந்துவிடுகிறது. எண்ணாக இருக்கும்வரை இசையை இந்தச் சலனம் கெடுப்பதில்லை. மின்னழுத்தமாக மாறிய பிறகுதான் கெடுக்கிறது. ஆகவே அந்த மாற்றத்தை யுஎஸ்பி வழியாகப் பெட்டிக்கு வெளியே கொண்டுபோய் நிகழ்த்தினால் இரைச்சல் கலக்க வழி குறைகிறது. வெளிப்புற டிஏசியின் முதற்பயன் இதுவே.

உங்கள் கணினியில் இதைச் சோதிப்பது எளிது. பாட்டை நிறுத்திவிட்டு ஒலியளவை முக்கால் பங்கு வைத்து, அமைதியான அறையில் காதில் மாட்டிக்கொள்ளுங்கள். மௌஸை நகர்த்துங்கள், ஒரு பெரிய கோப்பைத் திறந்து பாருங்கள், பிறகு சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மீண்டும் கேளுங்கள். சார்ஜரைப் பிடுங்கியதும் ஓசை நின்றுவிட்டால், பேட்டரியில் கேட்பதே செலவில்லாத தீர்வு. ஓசை நிற்காமல் கணினியின் வேலைக்கேற்ப ஏறி இறங்கினால், டிஏசி வாங்குங்கள். பாட்டு ஓடும்போது மட்டும் இரைச்சல் வந்து, நிறுத்தியதும் முற்றிலும் அடங்கிவிடுகிறதென்றால், அது பதிவிலேயே இருக்கலாம். அதற்கு எந்தக் கருவியும் உதவாது. அப்பாவின் ஒலிநாடாக்களிலிருந்து நான் எடுத்த பதிவுகள் அப்படிப்பட்டவை. டிஏசி வந்த பிறகும் நாடாவின் இரைச்சல் அப்படியேதான் இருக்கிறது.

இரைச்சல் இல்லாமல், ஒலி போதவில்லை என்பது மட்டுமே உங்கள் குறையென்றால் கணக்கு வேறு. ஹெட்ஃபோனின் ஓம் அளவை, அதாவது அதன் மின்தடையைப் பாருங்கள். சாதாரண ஹெட்ஃபோன்கள் 16 முதல் 32 ஓம் வரை இருக்கும். சென்ஹைசர் எச்டி 600 போன்றவை 300 ஓம். ஒரு வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் 32 ஓம் ஹெட்ஃபோனுக்குச் சுமார் 31 மில்லிவாட் கிடைக்கும், 300 ஓமுக்கு மூன்று மில்லிவாட்தான் கிடைக்கும். பினாங்கில் இருக்கும் என் மைத்துனர் 300 ஓம் ஹெட்ஃபோன் வாங்கிவிட்டு, ஒலியளவை நூறில் வைத்தும் வீணை தூரத்தில் கேட்பதுபோல் இருக்கிறதென்று வருந்தினார். அவருக்குத் தேவைப்பட்டது ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த மேசைக் கருவி. 32 ஓம் வைத்திருப்பவர் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

நான் இன்று பயன்படுத்துவது யுஎஸ்பி-சி முனையும் ஹெட்ஃபோன் துளையும் கொண்ட, விரல் நீளமே உள்ள ஒரு டாங்கிள். நூறு ரிங்கிட்டுக்குள் முடிந்தது. முதன்முதலாக அதைச் செருகிய இரவில் அந்த ஆலாபனையைத்தான் போட்டேன்; பாடகர் மூச்சு வாங்கிய இடத்தில் தம்புரா இருந்தது. கண் கலங்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும். அதற்காகக் குரலோ வயலினோ வேறாக மாறிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். மாறியது பின்னணியின் அமைதி மட்டுமே.

பெட்டியின் மேல், இசையை எவ்வளவு நுணுக்கமான எண்களாகக் கையாளும் என்பதைக் காட்ட 384 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் என்றெல்லாம் அச்சிட்டிருப்பதைப் பார்த்து விலையை ஏற்றிக்கொள்ளாதீர்கள். மனிதக் காதுக்கு எட்டும் எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். 1982இல் வெளிவந்த குறுந்தட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவீடே அதை முழுமையாகத் தாங்கும். புளூடூத் ஹெட்ஃபோன் வைத்திருப்பவருக்கு இந்தக் கருவியால் பயனே இல்லை, ஏனெனில் அதன் டிஏசி ஹெட்ஃபோனுக்குள்ளேயே இருக்கிறது. இணையக் கூட்டங்களில் பேசுவதற்கும் அதே ஹெட்ஃபோனைப் பயன்படுத்துவீர்கள் என்றால், டாங்கிள் மைக்கை ஏற்குமா என்று கேட்டு வாங்குங்கள். பல கருவிகள் ஏற்பதில்லை. செருகிய பிறகு, விண்டோஸின் ஒலி அமைப்புகளில் வெளியீட்டுக் கருவியாக அதையே தேர்ந்தெடுத்து, ஒலி மெருகேற்றும் வசதிகள் ஏதும் இயக்கத்தில் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

கோலாலம்பூரின் கணினிப் பொருள் வணிக வளாகமான லோ யாட் பிளாசாவில் வாங்குவதாக இருந்தால் உங்கள் மடிக்கணினியையும் ஹெட்ஃபோனையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஆனால் கடைக்குள் கேட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே பொருந்துகிறதா, மைக் வேலை செய்கிறதா என்பதை மட்டும் பார்க்கலாம். சுற்றியுள்ள சந்தடியில் நீங்கள் தேடும் இரைச்சல் காதில் விழவே விழாது. எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு, அன்றிரவே சார்ஜரோடு ஒரு முறை, சார்ஜர் இல்லாமல் ஒரு முறை வீட்டில் கேட்டுப் பாருங்கள்.