கடை நடத்திய மாமிக்கு 31ஆம் நாள் நினைவு மலர்: எதை எழுதுவது, எப்படி அச்சிடுவது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் துணிக்கடை நடத்திய எங்கள் மாமி (அப்பாவின் சகோதரி) காலமாகிவிட்டார். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தவர். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு நினைவு மலர் போடும் பொறுப்பு மருமக்களான எங்களிடம் வந்திருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: வாழ்க்கைக் குறிப்பில் தொடங்குங்கள். பஞ்சபுராணம், சிவபுராணம் போன்ற பாடல்கள் எந்த மலரிலும் இருக்கும், எடுத்துப் போட்டுவிடலாம். குறிப்பு அப்படியில்லை, ஆட்களிடம் கேட்டு வாங்க வேண்டியது. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குச் சனம் கூடும்போதே ஒரு கொப்பியோடு உட்காருங்கள். பிறகு அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள்.

'கொடை வள்ளல்', 'தாயுள்ளம் கொண்டவர்' என்று எழுதினால் யாருடைய மலர் என்றே தெரியாது. கடையில் நின்றவர்களிடம் கேளுங்கள்: எத்தனை மணிக்குக் கதவு திறப்பார், துணியை யார் (கெஜம்) கணக்கில் அளந்தாரா மீற்றரிலா, அளவுக்கு மேல் எத்தனை விரல் விட்டு வெட்டுவார், ஜனவரியில் பள்ளிச் சீருடைத் துணி கடனுக்குக் கேட்டு வந்த தாய்க்கு என்ன சொல்லிக் கொடுத்தார்? 'நாலு விரல் கூட விட்டுத்தான் வெட்டுவார், பிள்ளை வளரும் என்பார்' என்பது போல ஒரு வரி கிடைத்தால் அரைப் பக்கப் புகழுரையைத் தூக்கி எறியலாம்.

அவருடைய கடன் கொப்பியையும் பாருங்கள். வரவு வராமலே கோடு போட்டு அடித்த கணக்குகள் இருந்தால், அவர் கொடுத்த கை அங்கேதான் தெரியும். ஆனால் வாங்கியவர் பெயரை மலரில் போடாதீர்கள். அவர்களும் பந்தியில் இருப்பார்கள். அவர் சீட்டுப் பிடித்தவர் என்றால் அந்தக் கணக்கைத் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நன்றி நவிலல் பக்கத்தில் 'கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் தொடர்பு கொள்ளவும்' என்று போடுவது அழகில்லை.

இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவுக்கு ஆண்டு, மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி என்ற நான்கும் வேண்டும். உயிர் பிரிந்த நேரத்தைச் சரியாகக் குறித்துக் கொடுங்கள். திதி தேதியைப் போல நள்ளிரவில்தான் மாறும் என்றில்லை, பகலிலோ இரவிலோ எந்த நேரத்திலும் மாறலாம். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில மணி நேர வித்தியாசம் வரும். ஆண்டுத் திவசத்துக்கு உங்கள் குருக்கள் பார்க்கும் பஞ்சாங்கத்தையே பின்பற்றுங்கள், இல்லாவிட்டால் மலரில் ஒரு திதி, திவசம் இன்னொரு திதியில். வெண்பா எழுதி வந்ததும் ஈற்றடியில் மூன்று சீர் இருக்கிறதா, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றில் முடிகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

சண்டை வருவது வம்சாவளிப் பக்கத்தில்தான். 'காலஞ்சென்ற' என்று தொடங்கி இரண்டு பெயரை அடுக்கினால் உயிரோடு இருப்பவரும் இறந்தவராகிவிடுவார். இருவரும் இல்லையென்றால் 'காலஞ்சென்றவர்களான', ஒருவர் மட்டும் இல்லையென்றால் உயிரோடு இருப்பவர் பெயரை முன்னால் போடுங்கள். அவருடைய சகோதரிகளின் பிள்ளைகள் பெறாமக்கள், சகோதரர்களின் பிள்ளைகளான நீங்கள் மருமக்கள். வெளிநாட்டில் தட்டச்சு செய்து அனுப்பும்போது இதுதான் அதிகம் மாறும். ஒவ்வொரு கிளையிலும் ஒருவருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.

அச்சு வேலை சுருக்கமாக: ஏ5 அளவு, நடுவில் பின் அடிப்பதானால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 30 பக்க விஷயம் கொடுத்தால் 2 பக்கம் வெறுமையாக நிற்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் அச்சில் மங்கும், டொகியூமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். 4 அங்குல அகலப் படத்துக்கு 1200 பிக்சல் வேண்டும். அச்சகம், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில் வேலை செய்தால், யூனிகோட்டில் கொடுத்ததை மாற்றும்போது ஆங்கிலப் பட்டங்களும் மின்னஞ்சலும் தமிழ் எழுத்துக் குப்பையாக வரும், மேற்கோள் குறிகளும் மாறும். அதனால் புரூஃபைத் திரையில் பார்க்காமல் தாளில் எடுத்து வாசியுங்கள். 20ஆம் நாளுக்குள் எழுத்தெல்லாம் முடிந்தால்தான் இரண்டு முறை திருத்த நேரம் இருக்கும்.

வருபவர்களின் கணக்குக்கு மேல் 25 பிரதி கூட அடியுங்கள், வெளிநாட்டு உறவுகள் கட்டாயம் கேட்பார்கள். இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் ஆவணப்படுத்தும் நூலகம் நிறுவனம் இத்தகைய நினைவு மலர்களை எண்ணிமப்படுத்திச் சேர்க்கிறது, அதற்கும் ஒன்று எடுத்து வையுங்கள். இணையத்தில் போகும் பிரதி என்பதால் பின்னட்டையில் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் வேண்டுமா என்று அச்சுக்கு முன்பே யோசியுங்கள்.